லாகின் திரை வராவிட்டாலும் லினக்ஸ் வந்துவிடும்

"அப்டேட் போட்டதிலிருந்து லாகின் திரை வரவே மாட்டேன் என்கிறது, வெறும் கறுப்புதான். அந்தத் திரை இல்லாமலே உள்ளே போக வழி உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கிளம்புகின்றன.

பவர் பட்டனுக்குப் பிறகு நடப்பது பலருக்கும் தெரிந்த கதை. மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர் எழுந்து கிரப் என்ற பூட்லோடரைக் கூப்பிடும், கிரப் லினக்ஸின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும், கெர்னல் முதல் புரோகிராமைத் தொடங்கும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றிலும் இன்று அந்த ஒன்றாம் எண்காரர் சிஸ்டம்டி.

2010இல் வந்த இந்தச் சிஸ்டம்டிக்கு வசவுகள் ஏராளம். எல்லா வேலையையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறது என்ற புகாரை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் அதன் ஒரு யோசனைக்காக மற்றதை மன்னித்துவிடலாம். முதலில் எதைத் தொடங்குவது என்று அது பார்ப்பதில்லை, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்க்கிறது. சேருமிடத்துக்குப் பெயர் டார்கெட். டிஃபால்ட் டார்கெட் என்பது பெரும்பாலும் வெறும் சிம்பாலிக் லிங்க். உள்ளே சரக்கு எதுவும் இல்லை, இன்னொரு ஃபைலைக் கைகாட்டுவதோடு சரி. டெஸ்க்டாப்பில் அது காட்டுவது கிராஃபிக்கல் டார்கெட்டை. அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், சில வரிகள்தான். மல்ட்டி-யூசர் டார்கெட், அதாவது எழுத்துத் திரையோடு நிற்கும் முந்தைய சேருமிடம், கட்டாயம் வேண்டும். லாகின் திரையைக் காட்டும் டிஸ்ப்ளே மேனேஜர் வந்தால் நல்லது. மல்ட்டி-யூசருக்கு பேசிக் என்ற டார்கெட் வேண்டும், பேசிக்குக்கு சிஸ்இனிட் என்ற டார்கெட் வேண்டும். இப்படிக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எது எதற்குப் பின் என்று வரிசையும் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் வேலையில் இறங்குகிறது. ஒன்றையொன்று எதிர்பார்க்காதவை ஒரே நேரத்தில் கிளம்பும்.

'கட்டாயம் வேண்டும்', 'வந்தால் நல்லது' என்ற அந்த வேறுபாட்டில்தான் வாசகரின் கேள்விக்கு விடை இருக்கிறது. டிஸ்ப்ளே மேனேஜர் இரண்டாம் ரகம். அது விழுந்தாலும் மற்றவை நிற்பதில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் வட்டும் நெட்வொர்க்கும் அநேகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்தில் லாகின் கேட்கும். அதைக் கேட்கும் கெட்டி என்ற குட்டி புரோகிராம் நீங்கள் அழுத்தும்வரை பிறந்திருக்கவே இல்லை. ஆள் வந்ததும் தொடங்கப்படுகிறது!

அதற்கும் மசியவில்லை என்றால் கிராஃபிக்கலுக்குப் போகாமலே பூட் செய்யலாம். இது வேறு பாதை அல்ல, அதே ரயிலில் ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்குவதுதான். கிரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'சிஸ்டம்டி.யூனிட்=மல்ட்டி-யூசர்.டார்கெட்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். கெர்னலுக்கு இந்தச் சொல் புரியாது, புரியவும் வேண்டாம். தனக்கு வந்த வரியை அது அப்படியே படிக்கக் கொடுக்கிறது, சிஸ்டம்டி அதிலிருந்து தனக்கானதை எடுத்துக்கொள்கிறது. வட்டில் எதுவும் மாறாததால் அடுத்த முறை பழையபடிதான் கிளம்பும். நிரந்தரமாக வேண்டுமானால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்ட்டி-யூசர்.டார்கெட்'. கட்டளைதான் நீளம். செய்வதெல்லாம் அந்தச் சிம்பாலிக் லிங்க்கை வேறு பக்கம் திருப்பிவைப்பதுதான்.

இவ்வளவு இருந்தும், கறுப்புத் திரையைக் கண்டதும் "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் குறைவதே இல்லை. ஜாதகம் பார்க்காமல் சொல்லும் பரிகாரம் இது. உள்ளே நுழைந்ததும் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்' என்று கேளுங்கள், எங்கே விழுந்தது என்று பெரும்பாலும் அதுவே சொல்லும். சரிசெய்த பின் ரீஸ்டார்ட்கூட வேண்டாம். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஐசோலேட் கிராஃபிக்கல்.டார்கெட்' போதும். டெஸ்க்டாப்பில் வேலையாக இருக்கும்போது மட்டும் இதையே மல்ட்டி-யூசருக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சேமிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் திறந்திருப்பதையெல்லாம் மூடிவிடும்.