நேர்காணலில் காலை வாரும் ஹேவ் (have), ஹேட் (had)

ஆங்கிலத்தின் பன்னிரண்டு டென்ஸையும், அதாவது வினைச்சொல்லின் கால வடிவங்களையும், அட்டவணை போட்டு மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, நேர்காணலில் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. "இப்போதைய வேலையில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்?" என்ற சாதாரணக் கேள்விதான் அது. பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வங்கியில் இன்னும் வேலையில் இருக்கும் ஒருவர், "ஐ வொர்க்ட் அட் எ பேங்க் ஃபார் ஃபோர் இயர்ஸ்" என்று சொன்னால், அந்த வேலையை விட்டுவிட்டார் என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். "எப்போது ரிலீவ் ஆனீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும், நம்மவர் முழிப்பார். "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2021" என்பது இன்னொரு வகை. தமிழில் "2021லிருந்து வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் வருவது இது. அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது என்றால், "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்" என்று ஆரம்பியுங்கள்.

சரி, ஹேவ் பழகியதும் அதை எல்லா இடத்திலும் போடுகிறார்கள். "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019" தவறு. 2019, நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஹேவ் வராது. "ஐ கம்ப்ளீட்டட்" போதும். ஆண்டைச் சொல்லாமல், படிப்பு கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி" சரி.

அலுவலக மெயில்களில் என்னை அதிகம் வருத்துவது ஹேட். "ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் யெஸ்டர்டே" என்று மரியாதைக்காகப் போல எழுதுகிறார்கள். தனியாக நிற்கும் இந்த வாக்கியத்துக்கு "ஐ சென்ட்" போதும். கடந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டும்போதுதான் ஹேட் தேவைப்படும். "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்" என்றால் நான் போகும் முன்பே ரயில் கிளம்பிவிட்டது. அதையே "தி ட்ரெயின் லெஃப்ட்" என்று முடித்தால், நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது என்று ஆகிவிடும். தாமதத்துக்கு விளக்கம் எழுதும்போது இந்த ஒரு சொல்லில் கதையே மாறும்.

வருங்காலத்தில் ஒரு நேரத்துக்குள் ஒன்று முடிந்திருக்கும் என்று சொல்லும் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். "பை மார்ச், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் தி கோர்ஸ்" என்ற அமைப்பு கைவசம் இருந்தால் நேர்காணலுக்குப் போதும்.