ஆக்சிஜன் குறைந்தும் தவிக்காத உடல்

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு எனப்படும் வீரியமிக்க வலிநீக்கி மருந்துகள் அளவு மீறும்போது உயிர் போவது பெரும்பாலும் மூச்சு நின்றுதான். நுரையீரலில் பழுது இருக்கவேண்டும் என்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சரிந்துகொண்டே போகும். அந்த மனிதரோ மூச்சுக்குத் தவிக்காமல், அயர்ந்து தூங்குகிறவர் போலக் கிடப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

ஏன் தவிப்பதில்லை? கழுத்தின் இருபுறமும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குக் கரோட்டிட் பாடி என்று பெயர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை முதலில் உணர்வது அதுதான். மூச்சைக் கட்டுப்படுத்துவதில் இப்பகுதிக்குள்ள பங்கைக் கண்டறிந்ததற்காகவே பெல்ஜிய விஞ்ஞானி ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் குறைந்ததும் இவ்வுறுப்பின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வழிகள் அடைபடுகின்றன. உடனே கால்சியம் உள்ளே பாய்கிறது. செல் விழித்தெழுந்து, நரம்பு வழியாக, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகிறது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் ப்ரீபோட்ஸிங்கர் தொகுதி இருப்பதும் முகுளத்தில்தான். 1991இல் அடையாளம் காணப்பட்ட சின்னஞ்சிறு நரம்புக் கூட்டம் அது. செய்தி வந்ததும் மூச்சு வேகமெடுக்கும்.

ஓபியாய்டு இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. மூளைத்தண்டின் நரம்பு செல்களில் ஓபியாய்டு ஒட்டுவதற்கென்றே உள்ள மியூ ஏற்பி என்னும் புரதத்தில் அது ஒட்டிக்கொண்டதும் பொட்டாசியம் வழிகள் திறந்துகொள்கின்றன; செல் அடங்கிவிடுகிறது. ஒரு செல் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் சுரப்பதும் குறைகிறது. கழுத்திலிருந்து அபாயச் செய்தி வந்தாலும், அதை ஏற்றுச் செயல்படும் இடம் முடங்கிக் கிடக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடும்போது எழவேண்டிய மூச்சுத் தவிப்பும் மங்கிப்போகிறது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் பற்றாக்குறை சில நிமிடங்கள் நீடித்தால் அதுவே மூளைத்தண்டின் சுவாச வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் மீள்வது கடினம்.

மருத்துவமனையில் இன்னோர் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் ஓபியாய்டு பெறும் நோயாளிக்கு ஆக்சிஜனும் கொடுத்தால், விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் நெடுநேரம் நல்ல அளவையே காட்டும். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கவேண்டிய மூச்சு 6 ஆகக் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பது அதில் தெரியாது. மூச்சை எண்ணிப் பார்ப்பதற்கு அந்தக் கருவி மாற்றல்ல.

நலோக்சோன் என்னும் மாற்று மருந்து அதே மியூ ஏற்பியிலிருந்து ஓபியாய்டை விலக்கிவிடும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வீரியம் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடம்தான். மெதடோன் போன்ற ஓபியாய்டுகள் அதைவிட நெடுநேரம் உடலில் தங்கும். எனவே, கண் விழித்துப் பேசுகிறாரே என்று நோயாளியைத் தனியே விட்டுவிடக் கூடாது. மூச்சு மறுபடியும் அடங்கக்கூடும்.