பியூரிஃபையரை எந்த அறையில் வைப்பது? செட்டிநாட்டு வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். காரைக்குடியில் நுரையீரல் மருத்துவம் பார்க்கிற என்னிடம் முன்பெல்லாம் இந்தக் கேள்வியே வராது. இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்கு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். வந்த மெஷினை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல் புரிகிறது.

பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி, பல வருட ஆஸ்துமா. "மகன் மெஷின் அனுப்பியும் ராத்திரி இழுப்பு நிக்கலையே தம்பி" என்றார். மெஷின் வளவில் (வீட்டு நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதி), முற்றத்தை ஒட்டி, இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் படுப்பது உள்ளே இருக்கும் அறையில். முற்றத்துக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறது. மெஷின் சுத்தம் செய்த காற்று மேலே போக, தெருக்காற்று கீழே வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

பியூரிஃபையருக்குள் இருப்பது ஒரு விசிறியும் ஃபில்டரும்தான். தரமான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் தனக்குள் வந்த காற்றை மட்டுமே அது சுத்தம் செய்யும். அதனால் மூடிய ஓர் அறை வேண்டும், அந்த அறைக் காற்று மணிக்கு நான்கைந்து முறையாவது மெஷினுக்குள் போய் வர வேண்டும். முழு வீட்டையும் மறந்துவிட்டு, நோயாளி தூங்கும் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் ஒரே இடத்தில் மூச்சு விடுவது அங்கேதான்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் '400 சதுர அடி வரை' என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். எட்டு, ஒன்பது அடி உயரமுள்ள அறையை மனதில் வைத்துப் போடும் கணக்கு அது. நம் பழைய வீடுகளின் கூரை அதைவிட எவ்வளவோ உயரம். 12 அடிக்கு 12 அடி அறை, உயரம் 14 அடி என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் 2016 கன அடி. அதை 35.3ஆல் வகுத்தால் சுமார் 57 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை மெஷினுக்குள் போய் வர வேண்டுமென்றால் மணிக்கு 285 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் சி.ஏ.டி.ஆர் என்று ஓர் எண் இருக்கும், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பதுதான் அது. உங்கள் கணக்கில் வந்த எண்ணைவிட அது பெரிதாக இருக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த எண் விசிறி முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் சத்தம் வேண்டாமென்று 'ஸ்லீப் மோடு' வைத்தால் காற்றோட்டம் பெருமளவு குறைந்துவிடும். ஆகவே கணக்குக்கு மேல் கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள். படுப்பதற்கு அரை மணி முன்னால் முழு வேகத்தில் ஓடவிட்டு, அப்புறம் நடுத்தர வேகத்துக்கு மாற்றுங்கள்.

சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒளித்து வைக்க வேண்டாம். முதல் முறை ஓட்டும் முன் உள்ளே திறந்து பாருங்கள், பல மெஷின்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் உறையோடுதான் வருகிறது. உறையைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியே இருக்கும் வலை போன்ற முன் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டலாம். ஹெப்பாவைக் கழுவக் கூடாது, நனைந்தால் அதன் இழைகள் கெட்டுப்போகும். பெரும்பாலான மெஷின்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அதை மாற்ற வேண்டியிருக்கும். மாற்று ஃபில்டர் விலையைக் கேட்டுக்கொண்டு மெஷின் வாங்குங்கள். ஓசோன் வெளிவிடும் மெஷின் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயை அது எரிச்சலூட்டும்.

சரி, மெஷின் சரியாக ஓடுகிறது. அதே அறையில் கொசுவர்த்திச் சுருளும் புகைகிறதே? இதைச் சொல்லும்போதுதான் எனக்கு மனம் பதறும். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியில் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகளுக்கு ஒரு நாள் சராசரி வரம்பே ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம்தான். மூடிய அறையில் சுருளைக் கொளுத்திவிட்டு அதற்குப் பக்கத்தில் பியூரிஃபையரை ஓட்டுவது வீண் செலவு. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடுவதை விட முடியாது என்றால் வளவில் போடுங்கள், புகை அடங்கும்வரை படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கட்டும்.

அடுப்படிக்கும் இந்த மெஷின் பொருந்தாது. முறுக்கு, சீடை, அதிரசம் என்று பலகாரம் சுட்டு விற்கிற பெண்கள் நம் ஊரில் நிறையப் பேர். மணிக்கணக்காக எண்ணெய்ப் புகையிலும் விறகுப் புகையிலும் நிற்கிறார்கள். வாழ்க்கையில் பீடி சிகரெட்டைத் தொடாத அம்மாக்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவது இப்படித்தான். அங்கே பியூரிஃபையர் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஃபில்டர் சீக்கிரம் வீணாகும், விறகு அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை அது பிடிக்கவும் செய்யாது. புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வேண்டும். மிளகாய் வறுக்கும்போது பின்கட்டுக் கதவைத் திறந்து வைப்பதே பெரிய உதவி.

படுக்கை, தலையணையில் இருக்கும் தூசிப்பூச்சியின் கழிவு கனமானது, சீக்கிரம் கீழே படிந்துவிடும். அதை மெஷினால் உறிஞ்ச முடியாது. வாரம் ஒருமுறை உறைகளை வெந்நீரில் துவைத்துக் காயப் போடுவதுதான் வழி. மூடிய அறையில் கரியமில வாயு சேரும், அதையும் மெஷின் எடுக்காது. ஆகவே பக்கத்தில் யாரும் குப்பை எரிக்காத நேரம் பார்த்து, தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மெஷின் வந்துவிட்டது என்று இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பள்ளத்தூர் ஆச்சியும் அதைத்தான் செய்திருந்தார். மெஷினை அறைக்குள் மாற்றி, சுருளை நிறுத்தி, இன்ஹேலரை ஒழுங்காக எடுத்த பிறகுதான் இரவுத் தூக்கம் திரும்பியது.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் வீடுகள். படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கோ வருடக்கணக்கில் மூடியிருந்த வீட்டைத் திறக்கிறீர்கள். அன்றைக்கு பியூரிஃபையரைப் போட்டால் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துப்போகும். குடும்பம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாக் கதவு ஜன்னல்களையும் திறந்து காற்றாட விடுங்கள். காய்ந்த விளக்குமாறால் பெருக்க வேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், அவர்களுக்கும் நுரையீரல் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தையும் பெரியவரும் எல்லாம் முடிந்த மறுநாள் வரட்டும். அப்போது அவர்கள் அறையில் மெஷினை ஓட்டுங்கள்.

பரணிலும் முகப்பிலும் புறா எச்சம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாக நனைத்த பிறகே அள்ள வேண்டும். அதன் தூசியை மூச்சில் இழுத்த சில மணி நேரத்தில் சிலருக்குக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வரும். எக்ஸ்ரே எடுத்தால் நிமோனியா மாதிரியே தெரியலாம். மருத்துவரிடம் போகும்போது, பழைய வீட்டைத் திறந்து புறா எச்சம் அள்ளினோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.