பம்பு செட்டும் பூமியின் அச்சும்

பனி உருகினால் பூமியின் சுழற்சி மாறுமா, மாறினால் அது பயிரைத் தொடுமா? பதிலுக்கு முதலில் ஆபீஸ் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கொரு தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி வேகமாகச் சுற்றுங்கள். சுற்றும்போதே கைகளை விரித்தால் வேகம் சட்டென்று குறையும். பாட்டிலின் எடை கூடவில்லை, சுழலும் அச்சைவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். (பக்கத்தில் மேஜை இருந்தால் வேண்டாம். என் முழங்கை இன்னும் வலிக்கிறது.)

கிரீன்லாந்தின் பனி, பூமி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பாட்டில். பூமியின் ஈர்ப்பில் வரும் மாற்றங்களை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் 2002 முதல் பார்த்ததில், ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனி அங்கே குறைகிறது. துருவத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த எடை நீராகி உலகக் கடல்களெங்கும் பரவுகிறது. பூமியின் இடுப்பு ஒரு சுற்று பெருக்கிறது, சுழற்சி மந்தமாகிறது. 2000க்குப் பிறகு இப்படி நீர் இடம் மாறுவதால் மட்டும் நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 1.33 மில்லி விநாடி வீதம் கூடுகிறது என்கிறது 2024இல் வெளியான ஓர் ஆய்வு. சந்திரன் அலைகளை இழுத்து உண்டாக்கும் மந்தம் 2.4 மில்லி விநாடி. இடம் மாறும் நீர் ஏற்கெனவே அதில் பாதியைத் தாண்டிவிட்டது!

இதனால் நெல்லுக்கு ஏதும் ஆகுமா? ஆகாது. மில்லி விநாடி அணுக் கடிகாரக்காரர்களின் தலைவலி. பயிருக்கு வம்பு வேறு வழியில் வருகிறது.

கிரீன்லாந்துப் பனிக்கு இருக்கும் எடைக்கு, அது தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலையே தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே கிரீன்லாந்துக் கரையோரம் கடல்மட்டம் இறங்குகிறது. உருகிய நீரும் கைவிட்ட நீரும் சேர்ந்து தொலைவில், நம் பக்கத்து வெப்பமண்டலக் கரைகளில் சராசரிக்கு மேல் ஏறுகின்றன. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் கோடையில் ஆறு மெலிந்ததும் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிடும். கடல் உயர உயர அதற்கு வழி இன்னும் லேசாகிறது. அங்கே பல விவசாயிகள் மழைக்கு நெல், கோடைக்கு இறால் என்று மாறிக்கொண்டார்கள்.

பூமியின் சுழற்சி பயிரைத் தொடவில்லை. பயிர்தான் சுழற்சியைத் தொட்டிருக்கிறது. 1993 முதல் 2010 வரை உலகம் உறிஞ்சிய நிலத்தடி நீர் சுமார் 2,15,000 கோடி டன். பெரும்பகுதி பாசனத்துக்குப் போய், கடைசியில் கடலில் சேர்ந்தது. இதில் மட்டும் பூமியின் அச்சு முனை கிழக்கே 80 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்திருப்பதாக 2023இல் கணக்கிட்டார்கள். முக்கியப் பங்கு வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும், பஞ்சாப், ஹரியானா அடங்கிய வடமேற்கு இந்தியாவுக்கும். பூமத்திய ரேகையிலோ துருவத்திலோ இறைத்திருந்தால் அச்சு இவ்வளவு அசைந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் நிலத்து நீருக்குத்தான் அந்த வலு.