விசாரணை இல்லாத ஏழு ஆண்டுகள்

தடுப்புக் காவல், அதாவது விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைப்பது, தொடர்பான வழக்குகளை நடத்தும் எனக்கு வியட்நாமிய வழக்கறிஞர் நுயென் ஹூ தோவின் வாழ்க்கை அடிக்கடி நினைவுக்கு வரும். 1910-இல் பிறந்தவர். பிரான்சில் சட்டம் படித்து 1933-இல் வியட்நாம் திரும்பி, மெக்கோங் கழிமுகத்து ஊர்களிலும் சைகோனிலும் வழக்காடினார். 1950 ஜனவரியில் சைகோனில் போராடிய மாணவன் திரான் வான் ஒன் சுட்டுக் கொல்லப்பட்டபோது மாணவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 19 அன்று, துறைமுகத்துக்கு வந்திருந்த அமெரிக்கப் போர்க்கப்பல்களை எதிர்த்து நடந்த பேரணிக்குத் தலைமை தாங்கினார். அப்போது அங்கே ஆண்ட பிரெஞ்சு காலனி அரசு அவரைப் பிடித்து, சீன எல்லையை ஒட்டிய லாய் சாவ் மலைப்பகுதிக்கு அனுப்பியது. சைகோனிலிருந்து அவரிடம் வழக்கைக் கொடுத்திருந்த ஒருவரோ சக வழக்கறிஞரோ எளிதில் போய்ச் சேர முடியாத இடம் அது.

விடுதலையான பின், 1954 நவம்பரில் மறுபடியும் கைது. பிரெஞ்சுப் போரை முடித்து வைத்த ஜெனீவா உடன்பாட்டை நிறைவேற்றக் கோரிய அமைதி இயக்கத்தில் முன்னணியில் இருந்தவர் என்பதால், சைகோனைத் தலைநகராகக் கொண்ட தென் வியட்நாமின் நோ டின் டியெம் அரசு பிடித்தது. பிறகு கடலோர ஊரான துய் ஹோவாவில் காவல். நீதிமன்ற விசாரணை இல்லை. எனவே தண்டனைக்காலம் என்று ஒன்றும் இல்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 1961-இல், டியெம் அரசை எதிர்த்துப் போராடிய, கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய தேசிய விடுதலை முன்னணியினர்தான் அவரை மீட்டுச் சென்றனர். மறு ஆண்டே அவர் அதன் தலைவர்.

வியட்நாம் போர் முடிந்து நாடு ஒன்றானபின், 1976-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1980-இல் தற்காலிகக் குடியரசுத் தலைவர், 1981 முதல் 1987 வரை தேசியப் பேரவைத் தலைவர். அவர் பதவியிலிருந்த அந்த அரசுதான் பழைய சைகோன் அதிகாரிகளையும் படையினரையும் விசாரணையின்றி மறுகல்வி முகாம்களில் அடைத்தது; சிலர் பத்தாண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார்கள். இதை மறைத்து அவரைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை.

நம் அரசியலமைப்பும் தடுப்புக் காவலை அனுமதிக்கிறது. குண்டர் சட்டத்தில் பிடிபட்டவரின் குடும்பம் என்னிடம் வந்து முதலில் கேட்பது, “ஜாமீன் எப்போது கிடைக்கும்?” என்பதுதான். ஜாமீன் கிடைத்தாலும் தடுப்புக் காவல் ஆணை இருக்கும்வரை அவர் வெளியே வர முடியாது. ஆணையின் நகலையும், காவலுக்கான காரணங்களை அவருக்குத் தெரிந்த மொழியிலும் உடனே கேட்டு வாங்குங்கள். அரசுக்கு முறையீட்டு மனு அனுப்புங்கள். காவலில் இருப்பவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுவுக்கும் உயர் நீதிமன்றத்தில் வழி உண்டு. முறையீட்டைப் பரிசீலிக்க அரசு காரணமின்றித் தாமதித்தால், அதற்காகவே ஆணை ரத்தாகலாம். ஆகவே, அனுப்பிய மனுவின் நகலையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.