ரெமிடியல் கிளாஸ்: குறை யாருடையது?

கல்லூரி அறிவிப்புப் பலகையில் ‘ரெமிடியல் கிளாஸ்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். கீழே வரிசையாகப் பதிவு எண்கள். தன் எண் அதில் இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பார்க்கும். பாடத்தில் தடுமாறுபவர்களின் உதவிக்கென்று கூடுதலாக வைத்த வகுப்பு, ஆனால் பெயர் வந்தால் அவமானம். இந்தக் கோளாறில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

‘ரெமிடியல்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ரெமீடியம்’ என்றால் மருந்து, நிவாரணம். குணப்படுத்துதலைக் குறிக்கும் ‘மெதேரி’ அதன் வினை. மெடிசின், மெடிக்கல் எல்லாம் அதே குடும்பம். ஆகவே சொல்லின்படி பார்த்தால் ஆசிரியர் வைத்தியர், மாணவர் நோயாளி. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. டயக்னாஸ்டிக் டெஸ்ட் (நோயறியும் சோதனை), ரைட்டிங் கிளினிக் (எழுத்து மருத்துவமனை) என்று இந்தத் துறையில் புழங்கும் மற்ற பெயர்களையும் பாருங்கள், டெட்டால் வாசனை அடிக்கும்.

சொல் வருவதற்கு முன்பே காரியம் இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1849-இல் நடத்திய முதல் வகுப்பே பட்டப்படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்புதான். ஹார்வர்டு 1874-இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தபோது, வசதியான பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளே தடுமாறினார்கள். 1885-இல் முதலாண்டினருக்கு அங்கே எழுத்துப் பாடம் வந்துவிட்டது. கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை என்ற புலம்பலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று தொடங்குபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சொல் உண்மையிலேயே சிக்கலானது 1970-இல். அந்த ஆண்டு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரில் உயர்நிலைப் பள்ளி முடித்த யாருக்கும் ஏதாவதொரு கல்லூரியில் இடம் என்று கதவைத் திறந்தது. வீட்டில் வேறு மொழி பேசியவர்களும், நல்ல பள்ளி கிடைக்காத கறுப்பினப் பிள்ளைகளும் பெருமளவில் உள்ளே வந்தார்கள். அங்குள்ள சிட்டி காலேஜில் எழுத்துப் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மீனா ஷானசி. மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை வாசித்து, 1977-இல் நூலாக எழுதினார். பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதே அவர் கண்டது. ‘ரெமிடியல்’ என்பதை விட்டு ‘பேசிக் ரைட்டிங்’ (அடிப்படை எழுத்து) என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அவர்தான்.

அவர் சொன்னதைத் தமிழில் சோதித்துப் பார்க்கலாம். ‘அதற்க்கு’ என்று எழுதும் மாணவரை நாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போய்விடுகிறோம். அவர் என்ன செய்திருக்கிறார்? வாய் ‘அதுக்கு’ என்கிறது, அதில் க் இருக்கிறது. எழுத்துத் தமிழில் ‘ற்’ வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் விடாமல் சேர்த்து எழுதிவிட்டார். இரண்டு விதிகளுக்கும் ஒருசேரக் கீழ்ப்படிந்தவரைக் கவனமில்லாதவர் என்பது அநியாயம். ற் வந்தால் பின்னால் இன்னொரு மெய் வராது என்ற மூன்றாவது விதியை மட்டும் சொல்லிவிட்டால் ‘முயற்ச்சி’யும் சேர்ந்து சரியாகும்.

மருத்துவ உருவகத்தை 1985-இல் நேராகத் தாக்கியவர் அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரோஸ். பள்ளிநாளில் இவருடைய தேர்வு முடிவு இன்னொரு ரோஸின் முடிவோடு மாறிப்போய், இரண்டு ஆண்டுகள் தொழிற்கல்விப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். ‘டெவலப்மென்டல்’ (வளர்ச்சி சார்ந்த) என்ற மாற்றுச் சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் இத்துறை ஆசிரியர்கள் 1976-இல் தொடங்கிய தேசியச் சங்கத்தின் பெயரில் ரெமிடியல், டெவலப்மென்டல் இரண்டும் இருந்தன. பிறகு முதலாவது போனது. 2019-இல் இரண்டாவதும் போய், இப்போது அது மாணவர் வெற்றிக்கான அமைப்பு. பெயர் எத்தனை முறை மாறினாலும் பழைய வாடை கொஞ்ச நாளில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இனித் தமிழ். யாழ்ப்பாணத்துப் பக்கம் ‘பரிகாரக் கற்பித்தல்’ என்பார்கள். வைத்தியரைப் பரிகாரியார் என்று அழைக்கும் ஊரில் இது ரெமீடியத்துக்கு அச்சொட்டான மொழிபெயர்ப்பு. தமிழ்நாட்டில் பரிகாரம் என்றால் நினைவு திருநள்ளாறுக்குப் போய்விடும், சனி தோஷம் உள்ள மாணவரைத் தேடுவோம்.

தமிழ்நாட்டுப் பி.எட். புத்தகங்களில் இருப்பது ‘குறைதீர் கற்பித்தல்’. இந்தச் சொல்லில்தான் எனக்கு ஆர்வம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே குறை என்றால் முறையீடு. மனுக்கொடுப்பவர் கேட்கிறார், அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். அதே சொல் வகுப்பறைக்கு வந்ததும் குறை என்றால் ஊனம், அதுவும் மனுதாரரிடமே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்குப் போன பிள்ளைக்கு ஒரு பத்தி எழுதக் கற்றுத்தராதது யார் குறை? கலெக்டர் அலுவலகப் பொருளில் எடுத்துக்கொண்டால் ‘குறைதீர்’ மோசமான சொல்லே இல்லை.

‘மெல்லக் கற்போர்’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘ஸ்லோ லேர்னர்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு. மாணாக்கரை அன்னம், பசு, ஆடு, எருமை, ஓட்டைக்குடம் என்று தரம்பிரித்த நன்னூலாரின் ஆசை இன்னும் நம்மை விடவில்லை.

பட்டப்படிப்புக்கு முன்னால் தனியாக நடக்கும் ஆயத்தப் படிப்புக்கு நம்மிடம் அழகான சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தது: புகுமுக வகுப்பு. பி.யு.சி.க்கு வைத்த பெயர். 1978-இல் பிளஸ் டூ வந்ததும் சொல்லையும் சேர்த்துக் கைவிட்டோம். வாசலில் நிற்பவர் என்பதைத் தவிர மாணவரைப் பற்றி அது வேறெதுவும் சொல்வதில்லை.

ஆனால் தனி வகுப்பில் நிறுத்தி வைக்கும் முறையே இப்போது பின்வாங்குகிறது. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் கவுன்டி சமுதாயக் கல்லூரி 2007-இல் வேறு வழியைப் பிடித்தது. எழுத்தில் தடுமாறுபவர் வழக்கமான வகுப்பிலேயே மற்றவர்களோடு உட்காருவார். அது முடிந்ததும் அதே ஆசிரியர் சிறு குழுவாக வைத்துக்கொண்டு கூடுதல் நேரம் சொல்லித்தருவார். இதற்குத் ‘துணைப்பாடம்’ என்றிருக்கலாம், ஆனால் அதை நான்டீடெயில் பிடித்துக்கொண்டது. ‘உறுதுணை வகுப்பு’ என்பது என் பரிந்துரை. உற்ற நேரத்தில் கூட இருப்பதுதான் உறுதுணை.

எழுதும்போது ஒரு கவனம். ‘குறைதீர் கற்பித்தல்’ வினைத்தொகை, நடுவில் க் போடக் கூடாது. ‘உறுதுணைக் கற்பித்தல்’ என்று எழுதினால் க் வரும். அறிவிப்புத் தாளை ஒட்டும் பேராசிரியர்களுக்காகச் சொல்கிறேன்.