வரைபடத்தில் நீலமாகத் தெரியும் கடல்

ஆழ்கடலில் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், எங்கே மிகுதியாக இருக்கும் என்று கணித்து வரைபடம் தயாரிப்பது என் பணி. அதைப் பார்ப்பவர்கள் செறிவு மிகுந்த சிவப்புப் பகுதியைத்தான் கேட்டறிகிறார்கள். எனக்குக் கவலை தருவது, 'இங்கே இல்லை' என்று நினைக்கவைக்கும் நீலப் பகுதிதான்.

இத்துறைக்கு முன்னோடியாக அமைந்தது பசிபிக் பெருங்கடலின் கிழக்கு வெப்பமண்டலப் பகுதி. அங்கே மஞ்சள் துடுப்புச் சூரை மீன்கள் புள்ளி ஓங்கில் கூட்டங்களுக்கு அடியில் நீந்துவதால், 1950களின் இறுதியிலிருந்து மீன்பிடிக் கப்பல்கள் ஓங்கில்களைச் சுற்றியே சுருக்குமடியை வளைத்தன. அவ்வலைகளில் சிக்கி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்கா 1972இல் கடல் பாலூட்டிகளுக்கான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பின்னர் நடந்த கப்பல்வழிக் கணக்கெடுப்புகள் ஓங்கில்களின் விருப்பங்களைப் பிரித்துக் காட்டின. மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் மெல்லிய அடுக்காக இருந்து, ஏறத்தாழ 50 மீட்டருக்குள்ளேயே சட்டென்று குளிர்நீர் தொடங்கும் இடங்களைப் புள்ளி ஓங்கில்களும் சுழல் ஓங்கில்களும் நாடின. சாதாரண ஓங்கில்களோ அடிநீர் மேலெழும் குளிர்ந்த பகுதிகளை நாடின. அந்த மெல்லிய அடுக்கின் கீழே ஆக்சிஜன் குறைவு என்பதால்தான் சூரைகளும் மேல்மட்டத்திலேயே ஓங்கில்களுடன் சேர்ந்து திரிகின்றன என்று விளக்கப்படுகிறது.

வெப்பநிலை, ஆழம், பச்சையம் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஓங்கில்களின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை, வரைபடத்தைக் கணிக்கும் கணினி மாதிரி கற்றுக்கொள்கிறது. ஆனால் அது கற்பது, கணக்கெடுப்புக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் மூவர் பார்த்ததை மட்டுமே. இருவர் 25 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கிகளில் இடமும் வலமும் துழாவ, நடுவில் இருப்பவர் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்வார். கடல் கண்ணாடிபோல் கிடந்தால் தொலைவில் தெறிக்கும் நீரும் தெரியும்; காற்று ஏறி அலைமுகடுகள் வெளுத்துவிட்டால், அதே தெறிப்பு நுரையோடு நுரையாக மறைந்துவிடும்.

இதை ஒருமுறை நான் போதிய அளவு கவனிக்கவில்லை. நான் நீலமிட்ட ஒரு மூலையை, கடலடி நிலத்தை ஆராய எழுப்பும் வெடியொலிக்கு ஏற்ற இடமாக ஒரு திட்டக்குழு குறித்துக்கொண்டது. பதிவேட்டைத் திரும்பப் புரட்டியபோதுதான், கப்பல் அப்பகுதியைக் கடந்த எல்லா நாட்களிலும் கடல் கொந்தளிப்பாக இருந்தது தெரிந்தது. வரைபடத்தைத் திரும்பப் பெற்றேன்.

சுற்றுலாப் படகுகளின் பதிவுகளில் இந்த ஒருபக்கச் சாய்வு இன்னும் கூடுதல். இலங்கையின் கற்பிட்டியில் சுழல் ஓங்கில்களைக் காட்டும் படகுகள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் செல்கின்றன. அப்பதிவுகளை மட்டும் நம்பும் மாதிரி, படகுகளின் பருவத்தையே ஓங்கில்களின் பருவமாகக் கொள்ளும். பசிபிக்கின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வரும்போது கிழக்குப் பசிபிக்கின் வெப்ப அடுக்கு தடித்துவிடுவதால், வழக்கமான ஆண்டுகளில் பழகிய மாதிரியும் அங்கே தடுமாறக்கூடும்.

இப்போதெல்லாம் தேடாத இடங்களையும், கொந்தளிப்பில் மட்டுமே தேடிய இடங்களையும் நான் சாம்பல் நிறத்தில் விடுகிறேன்; கப்பல் சென்ற தடத்தையும் அன்றைய கடல் நிலையையும் அதே தாளில் வரைகிறேன். ஒப்புதலுக்காக உங்கள் மேசைக்கு வரும் வரைபடத்தில் இவை இல்லையென்றால், கையொப்பமிடும் முன் கேட்டுப் பெறுங்கள்.